அத்தான் குறைத்த வேகம்

என் அக்காவின் கணவர் ஒரு தப்பு செய்தார். உலகத்தில் எத்தனையோ புருஷன்மார்கள் எத்தனையோ தப்பு செய்கிறார்கள். ஆனால் இந்தத் தப்பை இவரைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. அதற்கு இவருடைய தொழில் வேண்டும், இவருடைய பிடிவாதம் வேண்டும், அக்கா மேல் இவர் வைத்திருந்த குருட்டு நம்பிக்கையும் வேண்டும். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். அந்தத் தப்புக்காக வந்த கோபமும் இன்னும் முழுசாகப் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு டாஸ்காரர் என்று பெயர். டாஸ் என்பது மவுஸ் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர்களில் ஓடியது. கறுப்புத் திரை, வெளிறிய எழுத்து, கட்டளையை நாமே தட்டினால்தான் எதுவும் நடக்கும். உலகம் அதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். எல்லாரும் வந்துவிடவில்லை. மரக்கடையில் கட்டையின் அளவைக் கணக்குப் போட, எடைமேடையில் லாரியை நிறுத்தி எடை எடுக்க, மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்க என்று என்றைக்கோ யாரோ எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம்கள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. எழுதியவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்துபோகும். புதுசு ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அதில் இந்தப் புரோகிராம் ஓடமாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்து, திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி நிற்பார்கள். அப்போது அத்தானைக் கூப்பிடுவார்கள்.

ஒருதடவை அலமாரிக்குப் பலகை வாங்க வேண்டும் என்று அவரோடு மரக்கடைக்குப் போனேன். அவருக்கும் அங்கே பழுதுபார்க்கிற வேலை இருந்தது. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “கண்ணாடி எங்கே வச்சேன்?” என்று தரையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“இவ்வளவு பாடுபடறதுக்குப் புதுசா ஒண்ணு எழுதி வாங்கிடலாமே?” என்று மரக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“ஏம்மா, கட்டினவளுக்கு வயசாயிடுச்சுன்னா புதுசா ஒண்ணு கட்டிக்கோன்னு சொல்லுவியா?” என்றார் அவர்.

“சில பேரு கட்டிக்கிறாங்களே.”

“நான் கட்டிக்கல,” என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மரக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேலை முடிந்து வெளியே வரும்போது அத்தான் தன்னுடைய வேதத்தைச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வதுதான். “அந்தப் புரோகிராம் மாறவே இல்லம்மா. அன்னைக்கு எப்படிக் கணக்கு போட்டுச்சோ இன்னைக்கும் அப்படியேதான் போடுது. மாறினது எல்லாம் அதைச் சுத்தி இருக்கிறதுதான். அதனால தப்பு எங்கேன்னு தேடவே வேணாம். பழசுல இருக்காது. புதுசுலதான் இருக்கும்.” நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது சரியாகவே இருந்தது. அந்தத் தொண்ணூறுதான் அவரைக் கெடுத்தது.

அவர்கள் வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே, முதல் மாடியில். படியேறும்போதே கீழே இஸ்திரி போடுகிற ஆவி வாசனை வரும். முன்னறையின் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் தடித்த முதுகு வைத்த பழைய திரைகள், மஞ்சள் பூத்த பெட்டிகள், வால் வாலாகக் கம்பிகள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. “இருக்கிறதுங்களுக்குச் சோறு போட வேணாம், அது ஒரு லாபம்,” என்று அக்கா அந்த அலமாரியைக் காட்டிச் சொல்வாள்.

அக்கா தட்டச்சுக்காரி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகம். வழக்கறிஞர் வாயால் சொல்லி முடிப்பதற்குள் அவள் தட்டி முடித்துவிட்டு, ‘அப்புறம்?’ என்பதுபோல அவர் முகத்தைப் பார்ப்பாளாம். அவள் கைவிரல்கள் எங்கள் வீட்டின் பெருமை. எனக்கு இரண்டே விரல்தான் தட்ட வரும். அதிலும் ஒன்று தேடும், மற்றது அழுத்தும்.

பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்தவர்தான் அத்தான். வந்த இடத்தில் அக்காவைப் பார்த்தார். கவிதை எழுத வராத மனுஷன், ஒரு புரோகிராம் எழுதினார். திரையின் மேலிருந்து ஓர் எழுத்து விழும். அது தரையைத் தொடுவதற்குள் அதே எழுத்தைத் தட்டினால் மறைந்துவிடும். தவறவிட்டால் பெட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். போகப் போக எழுத்துகள் கூட்டமாக விழும். அக்கா அதற்கு மழை என்று பெயர் வைத்தாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக எழுதினேன் என்று சொல்லிக் கொடுத்தாராம். அக்கா அன்று மத்தியானமே ஒரு டொக் கூட வாங்காமல் விளையாடிவிட்டு, “இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்,” என்றாள். மறுநாள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவும் பத்தவில்லை. பழுதே இல்லாத கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க இந்த மனுஷன் ஏன் தினமும் வருகிறார் என்று நிலையத்துக்காரருக்குப் புரிந்தபோது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அவளே திணறுகிற ஒரு வேகத்தை அத்தான் கண்டுபிடித்தார். அதோடு நிறுத்தினார். அதுதான் மழையின் வேகம் என்று ஆனது.

அதன்பிறகு தினமும் காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன் ஓர் ஆட்டம். “விரலுக்கு முகம் கழுவி விடறேன்,” என்பாள். அத்தான் தேநீரை வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்ப்பார். நான் போயிருந்தால் என்னையும் உட்காரவைப்பார்கள். நான் ஆரம்பித்த வேகத்தில் தோற்பேன். “எனக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா வை அக்கா,” என்று கெஞ்சியிருக்கிறேன். ஒருநாளும் வைத்ததில்லை. “அது ஏமாத்து,” என்று ஒரே வார்த்தை.

மழை ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடியது. அத்தான் தன் வீட்டுக்கே வைத்தியராக வேண்டி வந்தது. ஒரு புதுக் கம்ப்யூட்டரில் மழையை ஏற்றி, அக்காவை உட்காரவைத்தார். அவள் விரலை வைப்பதற்குள் அத்தனை எழுத்தும் மொத்தமாகக் கொட்டி ஆட்டம் முடிந்துவிட்டது. காரணம் எளிது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல வேண்டுமென்றால், சும்மா ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிரு என்று எழுதிவைப்பார்கள். பழைய கம்ப்யூட்டர் எண்ணி முடிக்க ஒரு மூச்சு நேரம் ஆகும். புதுசு கண்ணிமைப்பதற்குள் எண்ணிவிடும். அத்தானுக்கு இதெல்லாம் கைவந்த கலை. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராமைப் போட்டு, அதற்குள் மழையை வைத்தார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நடிப்பின் வேகம் குறையும், வேறு இரண்டை அழுத்தினால் கூடும். அக்கா விளையாடிப் பார்த்தாள், அவர் குறைத்தார், மறுபடி பார்த்தாள்.

“இப்போ சரி,” என்றாள். அவள் சொன்னால் சரி. அவரிடம் வேறு அளவுகோல் எதுவும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

தப்பு அங்கேதான் தொடங்கியது. எனக்கு எல்லாம் தொலைபேசி வழியாகத்தான் தெரியும். நான் இருப்பது வேறு ஊர், பஸ்ஸில் ஒரு நாள் போய்விடும். “மழை மறுபடி வேகமா பெய்யுதுடி. உங்க அத்தானுக்கு வேலை கொடுத்திருக்கேன்,” என்றாள் அக்கா ஒருதடவை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் பார்த்தார், கொஞ்சம் குறைத்தார், சரியாயிற்று. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மறுபடியும் அதே பேச்சு. மறுபடியும் குறைத்தார்.

அத்தானுக்கு அது ஒரு புதிராகவே ஆகிவிட்டது. சொல்லப்போனால் அவருக்கு அதில் சந்தோஷம். வேகம் ஏன் தானாகக் கூடுகிறது? புதுக் கம்ப்யூட்டர்கள் நம்மைக் கேட்காமல் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும், அதனால் இருக்கும் என்றார். மின்சாரத்தைச் சேமிக்கிற ஏதோ ஏற்பாடு என்றார். உள்ளே காற்றாடி தூசு அடைத்திருக்கிறது என்று திறந்து, தூரிகையால் துடைத்து மூடினார். எழுத்தைத் தட்டினால் பதிவாகவில்லை என்று அக்கா சொன்னதும் விசைப்பலகையை மாற்றினார். அதுவும் அழுத்தமாக இருக்கிறது என்றாள், இன்னும் மெத்தென்று ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தார். தொலைபேசியில் என்னிடம் இதையெல்லாம் கதைகதையாகச் சொல்வார்.

“விட மாட்டேன். எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. பிடிச்சுடுவேன்,” என்பார்.

கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்றாள் அக்கா. எண்ணெய் விட்டார். பிறகு சாவியை ராவினார். பிறகு பூட்டையே மாற்றினார். குளியலறைக் குழாயைத் திருக முடியவில்லை என்றாள். குழாயின் திருகை மாற்றி, தள்ளினாலே திறக்கிற மாதிரி போட்டார். சமையலறை டப்பாக்களின் மூடிகளை எல்லாம் அவரே கொஞ்சம் தளர்த்தி வைத்தார். அவர் சோம்பேறி இல்லை, அக்கறை இல்லாதவரும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவ்வளவு அக்கறையும் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளின் மேலும் போய் உட்கார்ந்தது, அவள் கையைத் தவிர. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் ஆடத் தெரிந்தவளே கூடம் கோணல் என்றாள், அவள் புருஷன் கூடத்தை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வேதத்தில் பழசு மாறாது. அக்காவை அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

என் வீட்டுக் கூரையைப் பிரித்து வேலை செய்ய வேண்டியிருந்ததால் சில நாள் அவர்களோடு தங்கப் போனேன். அக்கா கொஞ்சம் இளைத்திருந்தாள். கேட்டதற்கு, “உனக்குப் பொறாமை,” என்றாள். மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். அத்தான் அலமாரிப் பக்கம் எதையோ குடைந்துகொண்டிருந்தார். நான் தேநீரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மழையைத் திறந்தேன். வழக்கம்போலத் தோற்பதற்குத்தான்.

மேலே ஓர் எழுத்து தோன்றியது. நான் அவசரமாக அதற்குரிய விசையைத் தேடிக் கண்டுபிடித்தேன். நிமிர்ந்தால் அது இன்னும் மேலேயேதான் இருந்தது. தட்டினேன். அடுத்தது வந்தது. ஒரு வாய் தேநீர் குடித்தேன். அது பாதி வழி கூட வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன அத்தான், இது மழையா தூறலா? இது தரைக்கு வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கலாம் போல இருக்கே!”

“உனக்கு அப்படித் தெரியும். எழுத்து கூடும்போது பாரு,” என்றார் திரும்பாமல்.

எழுத்துகள் கூடின. நான் இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒரு டொக் சத்தம் கூட வரவில்லை. அந்தச் சத்தம் வராததுதான் அவரைத் திருப்பியிருக்க வேண்டும். என் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். தட்டத் தெரியாதவளின் இரண்டு விரல்கள்.

“எழுந்திரு,” என்றார். அவர் உட்கார்ந்து விளையாடினார். அவரும் தவறவிடவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடி வில்லைப் பட்டறைக்காகப் பழுதுபார்த்து வைத்திருந்த நிஜமான பழைய கம்ப்யூட்டர். அதில் நடிப்பு எதுவும் இல்லை, கூட்டவும் குறைக்கவும் முடியாது. அது எண்ணுகிற வேகம்தான் வேகம். அதில் மழையை ஏற்றிப் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டார். இந்தப் பக்கம் பழைய பெட்டியில் எழுத்துகள் சடசடவென்று கொட்டின. அந்தப் பக்கம் ஒரே ஓர் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. டொக், டொக், டொக் என்று பழைய பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தான் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என் சிரிப்பு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு திரைகளையும் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த துண்டை நாற்காலியில் போடப்போனாள், அது கீழே விழுந்தது. எடுத்துப் போட்டாள்.

“தலையை எல்லாம் குடையுது அந்தச் சத்தம். அணைங்க,” என்றாள்.

மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாதவர். அக்காவின் விரல்களுக்கு நடுவில் ஒரு தாளை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி மெல்ல இழுத்தார். தாள் சுலபமாக வந்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிவிழுந்திருந்ததைத் தொட்டுக் காட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். ஊசி வைத்து, படம் எடுத்து, பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தசைகளுக்கு உத்தரவு கொடுக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அவிந்துபோகிற நோய். கையில் தொடங்கியிருக்கிறது. கையோடு நிற்காது. குணமாக்க மருந்து இல்லை.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மழை, வேகம், விசைப்பலகை என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். மருத்துவர் இடையில் புகாமல் கேட்டார்.

“முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா எதுவும் மாறியிருக்காதுங்க,” என்றார்.

“பெருசான்னா… சின்னதா மாறியிருக்குமா?”

மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். நல்லவர், அதனால் சொல்லவில்லை. “ஒரு மருந்து இருக்கு. இப்போ எழுதித் தரப்போறதுதான். அது நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும். முன்னாடி ஆரம்பிச்சிருந்தா ஒருவேளை சில மாசம் கூடக் கிடைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.”

அத்தான் அந்தச் சில மாதங்களைப் பிடித்துக்கொண்டார். நோய் என்ன ஆகும், இனி என்ன செய்வது என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. “சில மாசம்னா எத்தனை?” என்று பஸ்ஸில் கேட்டார். வீட்டுப் படியில் கேட்டார். அக்கா வேலையை விட்டாள். அவரும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மரக்கடையிலிருந்து ஆள் வந்தால் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். மழையைத் திறக்கவே இல்லை. அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதிலேயே தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் குறைவில்லாமல் நடந்தது, ஆனால் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். என் கூரை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. நான் திரும்பிப் போகவில்லை.

ஒரு மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தான், எத்தனை நாளைக்கு இப்படிப் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கப் போறீங்க?” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. “ஊர்ல இருக்கிற ஓட்டை மெஷினெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. பூட்டு தெரிஞ்சுது, குழாய் தெரிஞ்சுது. பக்கத்துல உட்கார்ந்திருந்தவ கை தெரியலையா உங்களுக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் தின்னுட்டேன். அந்த மாசத்தை எல்லாம் நான்தான் தின்னுட்டேன்,” என்றார்.

“சின்னவளே, வாயை மூடு,” என்று அக்கா நாற்காலியிலிருந்து சொன்னாள். அதற்குள் அவள் நாக்கும் கொஞ்சம் தடித்துப்போயிருந்தது. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துத்தான் பேசினாள். “ஏங்க, இங்க வாங்க. இப்படி உட்காருங்க.”

அவர் போய் அவள் காலடியில் உட்கார்ந்தார்.

“நீங்க எத்தனை தடவை குறைச்சாலும் எனக்கு வேகமாவே இருந்துச்சுன்னா, தப்பு மெஷின்லயா இருக்கும்? நான் என்ன அவ்வளவு மக்கா? எனக்கு அப்பவே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கைதான்னு தெரியும். சட்டைக்குப் பொத்தான் போட முடியாதப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சொன்னா ஆஸ்பத்திரி. அப்புறம் நாள் பூரா என் கையையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க, இதோ இப்ப இருக்கிற மூஞ்சியோட. மெஷின்னு சொன்னா உங்களுக்கு ஒரு வேலை. குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டு, ‘இப்போ பாரு’ன்னு சொல்லுவீங்க. அந்த மூஞ்சியை டைப்பிங் கத்துக்கொடுத்த இடத்துல பார்த்தேன், அப்புறம் இப்பதான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும்னு இருந்துச்சு. அந்த மாசத்தை நீங்க ஒண்ணும் தின்னல. நான்தான் வச்சுக்கிட்டேன்.”

அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் காலை அத்தான் மழையைத் திறந்தார். அதன்பிறகு மறைவு எதுவும் இல்லை. “எவ்வளவு வைக்கட்டும்?” என்று அவளையே கேட்டு வைப்பார். பின்னால் நின்று பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் முழங்கையைத் தாங்கிக்கொள்வார். சில நாள் அவள் ஒன்றிரண்டு எழுத்தைப் பிடித்தாள், சில நாள் எதையும் பிடிக்கவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் எழுத்து மறைகிற மாதிரி மாற்றித் தரட்டுமா என்று ஒருதடவை கேட்டார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏமாத்து,” என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு காலை, வேகம் அதற்குக் கீழே குறைக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. ஓர் எழுத்து மேலே தோன்றி இறங்கியது. அவள் விரல் அதை நோக்கி நகர்ந்தது. இரண்டும் போய்க்கொண்டே இருந்தன. டொக் என்றது. அவள் அத்தானைப் பார்த்து, போதும் என்று தலையை அசைத்தாள். அவர் அணைத்தார். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. மூச்சு விடுகிற தசைகளும் ஓய்ந்துபோய் ஒரு மத்தியானம் போய்விட்டாள். அப்போது நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் இருந்தோம்.

அத்தான் மறுபடி வேலைக்குப் போகிறார். போகாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் விரட்டினேன். வேலையில் ஒரே ஒரு மாற்றம். புரோகிராம் சரியாக ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் அதில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பிடித்துப் பார்க்கிறார். “இந்த விரலால என் விரலைத் தள்ளு பார்க்கலாம். நல்லா தள்ளு,” என்கிறார். எடைமேடைக்காரர், “என்ன, கைரேகை பார்க்கக் கத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாராம். அத்தான் சிரிக்கவில்லையாம். விரல் பலமாகத் தள்ளியதும், “உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின்தான்,” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாராம். மரக்கடைக்காரர்தான் எனக்கு இதைச் சொன்னார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மாதம் ஒருதடவை போய் வருகிறேன். போகும்போதெல்லாம், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவர் அதே கேள்வியைக் கேட்கிறார்.

“உங்க அக்கா அன்னைக்குச் சொன்னது நிஜமா, இல்ல நான் மனசு உடைஞ்சு போயிடக் கூடாதுன்னு சொன்னாளா?”

எந்தப் பக்கம் தப்பு என்று கண்டுபிடித்தே பிழைத்தவர். இதை மட்டும் எதிலும் ஏற்றி ஓடவிட்டுப் பார்க்க முடியவில்லை. அக்கா விளையாட்டில் ஓர் எழுத்துக்குக் கூட ஏமாற்றாதவள் என்பது நிஜம். நான் சின்னவளாக இருந்தபோது பக்கத்து வீட்டுச் சன்னலை உடைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்க, அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து ‘நான்தான் உடைச்சேன்’ என்று அடி வாங்கிக்கொண்டவளும் அவள்தான். தனக்காக ஒரு பொய் சொல்லமாட்டாள். அடுத்தவருக்காக எத்தனை வேண்டுமானாலும் சொல்வாள். அன்று காலை ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றாளே, அந்த முகம் அகப்பட்டுக்கொண்டவளின் முகமா, அப்போதுதான் தெரிந்துகொண்டவளின் முகமா? பார்த்தவள் நான் ஒருத்திதான். அத்தான் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிஜம்தான் அத்தான். நான் பார்த்தேனே, அவளுக்கு முன்னாடியே தெரியும்,” என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சரி என்கிறார். அடுத்த மாதம் மறுபடி கேட்கிறார்.

எனக்குத் தெரியாது.